அளவு கூடியது, மருந்து சேரவில்லை: வலிப் பம்ப் பொருத்தப்பட்ட ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் வருபவர் 52 வயது ஆண். மேசை வேலை செய்பவர். இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டவர். எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாகப் படங்கள் காட்டின. ஆனால் இடுப்பில் தொடங்கி இடது காலின் வெளிப்புறமாகப் பாதம் வரை இறங்கும் எரிச்சலும் குத்தலும், இரண்டாவது அறுவைக்குப் பின் ஒரு நாள்கூட அவரை விட்டு விலகவில்லை. எங்கள் வலி சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது அவர் நாளொன்றுக்கு 180 மில்லிகிராம் மார்ஃபினை மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தார். அப்படியும் வலி எவ்வளவு என்று கேட்டால் பத்துக்கு எட்டு என்றார். பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவதும், நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை மட்டும் மலம் கழிப்பதும் வழக்கமாகிவிட்டிருந்தன. "மாத்திரை போட்டால் வலி குறைவதில்லை டாக்டர், நான்தான் குறைந்துபோகிறேன்" என்று முதல் சந்திப்பில் சொன்னார்.

மார்ஃபின் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நரம்பு மண்டலத்தில் இருப்பது 1973-இல் தெரியவந்தது. 1979-இல், தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்தப்பட்ட மிகச் சிறிய அளவு மார்ஃபின் மனிதர்களின் வலியைத் தணித்ததாக முதல் அறிக்கைகள் வந்தன. வாய்வழியாக எடுக்கும் 300 மில்லிகிராமுக்குத் தண்டுவட நீரில் செலுத்தும் 1 மில்லிகிராம் ஈடாகும் என்பது பாடநூல்கள் சொல்லும் தோராயக் கணக்கு. ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறுபடும் என்றாலும், மயக்கமும் மலச்சிக்கலும் இல்லாமல் வலியை மட்டும் அடக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கே அடிப்படை. இப்படி மருந்தைத் தண்டுவட நீரில் தொடர்ந்து செலுத்த உடலுக்குள் பதிக்கும் பம்புகள் 1980-களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் உள்ளன.

பம்ப் பொருத்துவதற்கு முன், மனநல ஆலோசகரின் மதிப்பீட்டுக்குப் பிறகு, முதுகில் ஒரே ஊசியாகச் சிறிதளவு மார்ஃபின் செலுத்தி ஒரு நாள் முழுவதும் மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தோம். வலி எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. மூக்கு நுனியிலும் தொடையிலும் அரிப்பு வந்தது. இந்த அரிப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது முக்கியமாகிறது.

மூன்று வாரங்கள் கழித்து, வலது அடிவயிற்றின் தோலுக்கு அடியில் 20 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள பம்ப் வைக்கப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்ட உலோகப் பெட்டி அது. உள்ளே இருக்கும் சிறு உருளைகள் ஒரு குழாயை அழுத்தி அழுத்தி மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும். அங்கிருந்து கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாய் தோலுக்கு அடியிலேயே இடுப்பைச் சுற்றி முதுகுக்குப் போய், முதுகெலும்புகளுக்கு இடையே நுழைந்து, மார்புப் பகுதியின் பத்தாவது முள்ளெலும்பின் மட்டத்தில் தண்டுவட நீருக்குள் முடிகிறது. முதுகில் அது நழுவாமலிருக்க ஒரு சிறு பிடிப்பான் தசைமேல் தைக்கப்படுகிறது. தொடக்க அளவு நாளொன்றுக்கு 0.3 மில்லிகிராம். மாத்திரைகளைப் பல வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம்.

முதல் 14 மாதங்கள்

இந்தக் காலம் நன்றாகவே போனது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இடுப்புப் பட்டை பம்பின் விளிம்பில் உரசியதால் அவர் தோள்பட்டை வார் வைத்த கால்சட்டைக்கு மாறினார். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதை விட்டார். பம்பின் விவரம் எழுதிய அட்டையைப் பணப்பையில் வைத்துக்கொண்டார். ஏறத்தாழ 80 நாட்களுக்கு ஒருமுறை வந்து மருந்தை நிரப்பிக்கொண்டார். அளவு சிறுகச் சிறுகக் கூடி, 14-ஆம் மாத முடிவில் நாளொன்றுக்கு 2.0 மில்லிகிராமில் நின்றது. வலி மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் இருந்தது. அரை நாள் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

வலி திடீரென்று கூடும் நேரங்களில் தானே கூடுதலாக ஒரு சிறு அளவு செலுத்திக்கொள்ள, கையடக்கப் பொத்தான் கருவி ஒன்றையும் கொடுத்திருந்தோம். நாளுக்கு நான்கு முறை வரை அதற்கு அனுமதி உண்டு. அவர் ஒரு முறைக்கு மேல் அழுத்தியது அரிது. ஒவ்வொரு முறை அளவைக் கூட்டியபோதும் இரண்டு மூன்று நாட்களுக்கு அரிப்பு வரும், மலச்சிக்கல் சற்றுக் கூடும், பிறகு தணியும். இது கோப்பில் ஒவ்வொரு முறையும் பதிவாகியிருக்கிறது. அதை யாரும் ஓர் அளவுகோலாகப் பார்க்கவில்லை.

15-ஆம் மாதம்: வலி திரும்பியது

அவருடைய மனைவி ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். 15-ஆம் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் அதில் இப்படி ஒரு வரி: "கீழே இருந்த பெட்டியைத் திரும்பியபடியே எடுத்தார். முதுகில் சுருக் என்றது என்றார்." அடுத்த பத்து நாட்களில் வலியின் எண் நான்கிலிருந்து ஐந்து, ஆறு என்று ஏறியிருக்கிறது. அவர் எங்களிடம் வந்தபோது பெட்டியைப் பற்றிச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வலி கூடிவிட்டது என்று அவர் சொன்னார், எவ்வளவு என்று நாங்கள் கேட்டோம், எண்ணை எழுதிக்கொண்டோம்.

வயிற்றுத் தோல் வழியே பம்பின் மையத்தில் ஊசியிட்டு எஞ்சிய மருந்தை வெளியே எடுத்தோம். கணக்குப்படி 4.1 மில்லிலிட்டர் இருக்க வேண்டும், 4.3 இருந்தது. இவ்வளவு வித்தியாசம் இயல்பானது. பம்பின் நினைவகத்தில் மோட்டார் நின்றதாகப் பதிவு இல்லை, அலாரமும் ஒலித்திருக்கவில்லை. ஆகவே பம்ப் சரியாக ஓடுகிறது என்று முடிவு செய்தோம். அந்த முடிவு சரியானது. ஆனால் அதிலிருந்து, மருந்து தண்டுவட நீரைச் சென்றடைகிறது என்று ஒரு படி மேலே தாவினோம். எஞ்சிய அளவு சொல்வதெல்லாம் பம்பை விட்டு எவ்வளவு மருந்து வெளியேறியது என்பதை மட்டுமே. வெளியேறியது எங்கே போனது என்பது அதற்குத் தெரியாது.

மூன்று முறை அளவைக் கூட்டியது

நீண்ட காலம் மார்ஃபின் பெறுபவரின் உடல் அதற்குப் பழகிப்போவதும், அதனால் அளவைக் கூட்ட நேர்வதும் எதிர்பார்க்கக்கூடியவையே. முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் அளவு ஏறுவது வழக்கம் என்பதால் எங்களுக்கு இந்த விளக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2.0-லிருந்து 2.3 ஆக்கினோம். மூன்று வாரத்தில் மாற்றமில்லை. 2.7 ஆக்கிவிட்டு, முதுகை எக்ஸ்ரே எடுத்தோம். குழாயின் நுனி இருந்த இடத்திலேயே இருந்தது, வழியில் எங்கும் அறுபட்டதாகத் தெரியவில்லை. குழாய் நழுவவில்லை என்று மனநிறைவு கொண்டோம். மெல்லிய பிளவை எக்ஸ்ரே காட்டாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. படத்தைக் கையில் வைத்திருந்த அந்த நேரத்தில் அதை ஒருவரும் சொல்லவில்லை. 18-ஆம் மாதத்தில் அளவு 3.2 மில்லிகிராம் ஆனது.

இந்த மூன்று முறையும் அரிப்பு வரவில்லை. 17-ஆம் மாதச் சந்திப்பில், இப்போது மலமிளக்கி எடுப்பதில்லை, தினமும் தானாகவே போகிறது என்று அவர் மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார். "மலச்சிக்கல் நீங்கியது, நல்ல முன்னேற்றம்" என்று கோப்பில் எழுதியிருப்பது இந்த அறிக்கையை எழுதும் என் கையெழுத்துதான். மார்ஃபின் அளவு அறுபது விழுக்காடு கூடிக்கொண்டிருந்த காலத்தில் மலச்சிக்கல் நீங்குவதற்கு வழியே இல்லை.

அதே காலத்தில் பொத்தான் கருவியின் பதிவு அவர் நாள்தோறும் நான்கு முறையும் அழுத்தியதைக் காட்டியது. அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டி அழுத்தி மறுக்கப்பட்ட முயற்சிகளும் இருந்தன. "பொத்தானை அழுத்துவதும் சுவரை அழுத்துவதும் ஒன்றுதான்" என்று அவர் சொன்னதைச் செவிலியர் சொல்லுக்குச் சொல் பதிவு செய்திருந்தார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், "மருந்து தேடும் போக்கு?" என்று கேள்விக்குறியுடன் ஒரு குறிப்பு. ஒரே பக்கத்தில் அந்த இரண்டு வரிகளும் இருந்தன. அடுத்து வந்தவர்கள் கீழே இருந்த வரியையே படித்துவிட்டுப் பேசினார்கள். அவருடைய வலியைப் பற்றிய பேச்சு, அவருடைய நம்பகத்தன்மையைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டிருந்தது. இது அவருக்கும் புரிந்தது. பொத்தானை அழுத்துவதையே நிறுத்திவிட்டார்.

இரவு வந்த அழைப்பு

19-ஆம் மாதத்தில் ஓர் இரவு பத்து மணிக்கு மேல் அவருடைய மனைவி அழைத்தார். வியர்த்துக் கொட்டுகிறது, மயிர்க்கூச்செறிகிறது, மூக்கு ஒழுகுகிறது, நான்கு முறை வயிற்றுப்போக்கு, கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை என்றார். பணியிலிருந்தவர் காய்ச்சல் உண்டா என்று கேட்டார். லேசாக உண்டு என்று பதில் வந்தது. வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம், நிறையத் தண்ணீர் கொடுங்கள், காலையில் அழைத்து வாருங்கள் என்று சொல்லப்பட்டது. அவர் இன்னொன்றும் சொன்னார்: "டாக்டர், இவர் பதினோரு நாளாகக் கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கிறார். தூக்கம் மட்டும் வருவதில்லை." அது அழைப்புப் பதிவில் இருக்கிறது. அதற்கு அன்றிரவு யாரும் பொருள் காணவில்லை.

காலையில் வந்தபோது நாடித்துடிப்பு 112, இரத்த அழுத்தம் 168/98. பயிற்சி மருத்துவர் ஒருவர் கண்ணில் ஒளியடித்துப் பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு கேட்டார்: இவ்வளவு மார்ஃபின் போகிறவருக்குக் கண்மணி இப்படி விரிந்திருக்குமா? மார்ஃபின் கண்மணியை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கும். அது விரிந்திருந்தால் மார்ஃபின் உடலில் இல்லை அல்லது வேகமாகக் குறைகிறது என்று பொருள். கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல், மூக்கு ஒழுகல், வயிற்றுப்போக்கு, கால் அமைதியின்மை எல்லாம் அந்த ஒரு கேள்வியால் ஒரே வரிசையில் வந்து நின்றன. பழகிய மருந்து திடீரென்று கிடைக்காமல் போனதால் வரும் விலகல் அறிகுறிகள் அவை. திரையில் நாளொன்றுக்கு 3.2 மில்லிகிராம் என்று காட்டிக்கொண்டிருந்த பம்பைச் சுமந்தபடியே அவர் மருந்தின்றித் தவித்துக்கொண்டிருந்தார்.

வாய்வழி மார்ஃபின் சிறிய அளவில் கொடுத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தணிந்தன. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மார்ஃபின் விலகல் மிகக் கொடிய அவஸ்தை. ஆனால் வேறு நோயில்லாதவரின் உயிரை அது பறிப்பது அரிது. இதே பம்பில் தசை இறுக்கத்துக்காகப் பாக்லோஃபென் ஓடிக்கொண்டிருந்து இப்படித் தடைபட்டிருந்தால், கடும் காய்ச்சல், வலிப்பு, தசைச் சிதைவு என்று போய் அன்றிரவே உயிருக்கு ஆபத்தாகியிருக்கக்கூடும். காலையில் வாருங்கள் என்ற பதிலின் விலை, பம்புக்குள் என்ன மருந்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எங்கே கசிகிறது

அன்று அவரைக் குப்புறப் படுக்கவைத்துச் சட்டையைத் தூக்கிப் பார்த்தோம். முதுகுத் தழும்புக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மென்மையான வீக்கம்; அழுத்தினால் அமுங்கியது, சிவப்போ சூடோ இல்லை. மாலையில் பெரிதாகும், காலையில் சிறிதாகும் என்று மனைவி சொன்னார். கொழுப்புக் கட்டி என்று நினைத்திருந்தாராம். நான்கு மாதங்களாக அவரை ஐந்து முறை பார்த்திருக்கிறோம். மருந்து நிரப்ப மல்லாந்து படுப்பார்; வயிற்றைப் பார்ப்போம்; எழுந்து போய்விடுவார். குழாயின் பாதி வழி முதுகில் இருக்கிறது, அந்தப் பாதியை நாங்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இரண்டு காரணங்களைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. முதலாவது, குழாயில் பழுது. இரண்டாவது, குழாய் நுனியைச் சுற்றி வளரும் அழற்சித் திரட்சி. அடர்த்தி மிகுந்த மார்ஃபினை நீண்ட காலம் செலுத்துபவர்களுக்கு இது வரலாம். வலி கூடுவதே முதல் அறிகுறியாக இருக்கும். கவனிக்காமல் விட்டால் தண்டுவடத்தை அழுத்திக் கால்கள் செயலிழக்கவும் கூடும். அளவைக் கூட்டியும் வலி குறையாத எவருக்கும் இந்த ஐயம் எழ வேண்டும். எங்களுக்கு இரண்டாவது முறை கூட்டும்போதே எழுந்திருக்க வேண்டும். படத்தில் திசுக்களை வேறுபடுத்திக் காட்டும் மாறுபடு மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். காந்தப் புலத்துக்குள் போனதும் பம்பின் மோட்டார் நின்றுவிடும், வெளியே வந்தபின் தானாக ஓடத் தொடங்கும். ஓடத் தொடங்கியதைக் கருவியின் பதிவில் உறுதிசெய்துகொண்ட பிறகே அவரை வார்டுக்கு அனுப்பினோம். நுனியில் திரட்சி எதுவும் இல்லை. முதுகில் பிடிப்பானைச் சுற்றி நீர் தேங்கியிருந்தது.

அடுத்த சோதனை பம்பின் பக்கவாட்டில் உள்ள சிறு துளை வழியாகச் செய்வது. அது மருந்துத் தேக்கத்தைத் தொடாமல் குழாயை மட்டும் அடையும் வழி. அங்கே மெல்லிய ஊசியிட்டு இழுத்தால், குழாய் சரியாக இருக்கும் பட்சத்தில் தண்டுவட நீர் தடையின்றி வரவேண்டும். ஒரு துளி வந்து நின்றுவிட்டது. நோயாளியின் நிலையை மாற்றிப் படுக்கவைத்தும் வரவில்லை.

வழக்கமாக இதற்குப் பின் சாயம் செலுத்திப் படம் எடுப்பார்கள். எடுப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். குழாயின் உள்ளளவு ஏறத்தாழ 0.2 மில்லிலிட்டர், அதில் நின்றிருந்த மருந்தின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். ஆக, குழாய்க்குள் 2 மில்லிகிராம் மார்ஃபின் காத்திருந்தது. அதை முன்கூட்டியே உறிஞ்சி எடுக்க முடியாத நிலையில் சாயத்தைத் தள்ளினால், அந்த 2 மில்லிகிராமும் ஒரே நொடியில் முன்னே தள்ளப்படும். பிளவு பகுதியளவே என்றால் அதில் பெரும்பங்கு தண்டுவட நீருக்குள் போய், மூச்சு நின்றுவிடக்கூடும். ஒரு படத்துக்காக அந்தத் துணிச்சல் தேவையில்லை; கையில் இருந்த சான்றுகள் அறுவைக்குப் போதுமானவை.

என்னென்ன செய்யலாம் என்று அவரிடமும் மனைவியிடமும் பேசினோம். பம்பை எடுத்துவிட்டு மாத்திரைக்குத் திரும்புவதை அவர் உடனே மறுத்தார். கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து கண்டறியப்பட்டு 2004-இல் ஒப்புதல் பெற்ற சிகோனோடைட் என்ற மருந்துக்கு மாறுவதும் பேசப்பட்டது. அது நின்றுபோனால் விலகல் அறிகுறிகள் வருவதில்லை என்பது நல்ல வசதி. ஆனால் குழப்பம், மாயத் தோற்றம் போன்ற விளைவுகளுக்கும் பலனுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகலானது. தவிர, இங்கே பழுதானது குழாய். மருந்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. குழாயைச் சரிசெய்வது என்று முடிவாயிற்று.

அறுவையும் அதற்குப் பிந்தைய கணக்கும்

முதலில் முதுகைத் திறந்தோம். தெளிந்த நீர் வழிந்தது. பிடிப்பானின் விளிம்பை ஒட்டி, குனிந்து நிமிரும்போது குழாய் மடியும் அதே இடத்தில், சுற்றளவில் பாதிக்கும் மேல் பிளந்திருந்தது. வளைத்துப் பிடித்தால் வாய் திறப்பது போல் விரியும். நேராக விட்டால் மூடிக்கொள்ளும். சில நாட்கள் நன்றாக இருந்து சில நாட்கள் மோசமானதாக அவர் சொன்னது ஏன் என்று அப்போது புரிந்தது. தொடக்கத்தில் சிறு கீறலாக இருந்து, உடல் அசையும் விதத்துக்கேற்பக் கொஞ்சம் உள்ளேயும் கொஞ்சம் வெளியேயும் மருந்தை விட்டு, மெல்ல மெல்ல முழுவதையும் வெளியே விட்டிருக்கிறது. தோலுக்கு அடியில் கசிந்த நாளொன்றுக்கு மூன்று மில்லிகிராம் மார்ஃபின் வலிக்கும் போதாது, விலகலைத் தடுக்கவும் போதாது. முதுகெலும்புக்குள் போகும் பகுதியின் முனையிலிருந்து தண்டுவட நீர் சொட்டுச் சொட்டாக வந்ததால் அந்தப் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, பம்ப் பக்கத்துக் குழாயை மட்டும் புதிதாக இணைத்தோம். வெட்டியெடுத்த துண்டையும் புதிய துண்டையும் அளவுகோல் வைத்து அளந்து, குழாயின் புதிய நீளத்தைப் பம்பின் நிரலில் பதிந்தோம். இந்த எண் பிழையாக இருந்தால் பின்னால் செய்யும் எல்லாக் கணக்கும் பிழையாகும்.

இனி எவ்வளவு மருந்து? பம்பின் நிரலில் 3.2 என்று இருந்தது. சரியான குழாயில் அதையே ஓடவிடுவதுதான் இந்த நிகழ்வு முழுவதிலும் மிகப் பெரிய ஆபத்தாக இருந்திருக்கும். அவருடைய தண்டுவடம் அந்த 3.2-ஐ ஒருபோதும் கண்டதில்லை. கடைசியாக முழுமையாகப் பெற்றிருக்கக்கூடியது 2.0, அதுவும் நான்கு மாதங்களுக்கு முன்பு. இடைப்பட்ட காலத்தில் உடல் பழக்கத்தை இழந்திருக்கும். அவரை மருந்துக்குப் புதியவராகவே கருதி 0.4 மில்லிகிராமில் தொடங்க முடிவு செய்தோம்.

பழைய அடர்த்தியில் 0.4 மில்லிகிராம் என்றால் நாளொன்றுக்கு 0.04 மில்லிலிட்டர், பம்ப் ஓடக்கூடிய மிகக் குறைந்த வேகத்துக்கும் கீழே. எனவே மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அடர்த்திக்கு மாறி, 0.2 மில்லிலிட்டராக ஓட்டினோம். தேக்கத்தை மாற்றி நிரப்பினாலும் பம்பின் உட்குழாயில் பழைய மருந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அது தீரும் வரை இந்தப் புதிய வேகத்தில் ஓடினால் அவருக்குக் கிடைப்பது 0.4 அல்ல, 2 மில்லிகிராம். ஆகவே குழாயை இணைப்பதற்கு முன்பே, அறுவை மேசையில் காத்திருந்து, அந்த மிச்சத்தைப் பஞ்சுத் துணியில் வெளியேற்றினோம்.

குழாயை மருந்தால் ஒரேயடியாக நிறைக்கும் தொடக்கச் செலுத்தலையும் தவிர்த்தோம். இதன் விளைவு ஒன்று உண்டு. 0.2 மில்லிலிட்டர் கொள்ளும் குழாய் வழியே நாளுக்கு 0.2 மில்லிலிட்டர் வேகத்தில் போகும் மருந்து, நுனியை அடைய ஒரு முழு நாள் ஆகும். அதாவது, வழக்கமான 24 மணி நேரக் கண்காணிப்பு முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில்தான் முதல் துளி தண்டுவட நீரில் விழும். தண்டுவட நீரில் மார்ஃபின் மெதுவாக மேலேறி மூச்சு மையத்தை அடைவதால் மூச்சுத் தளர்ச்சி பல மணி நேரம் தாமதமாகவும் வரலாம். எனவே மூன்று நாட்கள் இரத்த ஆக்சிஜன் அளவையும் மூச்சு எண்ணிக்கையையும் பார்த்தபடி வைத்துக்கொண்டோம். வாய்வழி மார்ஃபினை இரண்டாம் நாளிலிருந்து குறைத்தோம்.

மூன்றாம் நாள் காலை வார்டுக்குப் போனபோது அவர் மூக்கு நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அரிக்கிறது டாக்டர்" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல. அதுவரை அதற்கு மாற்று மருந்து கொடுத்துப் பழகியிருந்த செவிலியரும் அன்று சிரித்துவிட்டார்.

பின்னர் நடந்தவை

தண்டுவட நீர் கசிந்ததால் உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும் தலைவலி ஐந்து நாட்கள் இருந்து, தானாகவே போனது. முதுகு வீக்கம் மீண்டும் வரவில்லை. அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டியதில் ஐந்து மாத முடிவில் நாளொன்றுக்கு 1.1 மில்லிகிராமில் வலி நான்கில் நின்றது. பழுதுக்கு முன்பிருந்த அளவில் ஏறத்தாழ பாதி போதுமானதாக இருக்கிறது. முன்பு 2.0 வரை ஏற்றியதிலும் ஒரு பகுதி கசிவுக்காகத்தான் ஏறியதா என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. அதை உறுதிசெய்ய இப்போது வழியில்லை.

அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். கோப்பில் இருந்த "மருந்து தேடும் போக்கு?" என்ற வரியை அழிக்கவில்லை. அதன் அருகிலேயே, பொத்தான் அழுத்தங்கள் கூடியது குழாய்ப் பிளவினால் என்று தேதியும் கையொப்பமும் இட்டுத் திருத்தம் எழுதினோம். அவர் அதைப் படித்துப் பார்க்க விரும்பினார், காட்டினோம். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மனைவிதான், "பெட்டியைத் தூக்கியதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

நடைமுறையில் மாறியவை

எங்கள் பிரிவில் இப்போது, வலிக்காக அளவை ஒருமுறை கூட்டியும் பலனில்லை என்றால், இரண்டாம் முறை கூட்டுவதற்கு முன் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்: பக்கவிளைவு கூடியதா? பலனும் இல்லை, பக்கவிளைவும் இல்லை என்றால் உடல் பழகிப்போனது என்று எழுதக் கூடாது. பழகிப்போதலிலும் பக்கவிளைவுகள் மங்கலாம் என்பது உண்மையே. ஆயினும் கூட்டிய சில நாட்களுக்காவது ஏதோ ஓர் அசைவு இருக்கும். எந்த அசைவும் இல்லாவிட்டால் முதல் ஐயம் குழாய்மேல்.

மருந்து நிரப்ப வருபவரை மல்லாந்து படுக்கவைக்கும் முன் நிற்கவைத்து முதுகைப் பார்க்கிறோம். அரை நிமிடம் ஆகிறது. குடும்பத்தார் எழுதிவைத்திருக்கும் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கிறோம். இதற்கு அரை நிமிடம் போதவில்லை. சில நாட்களில் அதனால் வரிசை நீண்டுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரவு அழைப்புகளை எடுப்பவரின் மேசையில், விலகல் அறிகுறிகளின் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. கொட்டாவி அதில் முதலாவது. பம்பில் பாக்லோஃபென் உள்ளவர் என்றால் காலை வரை காத்திருக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

குழாய்ப் பழுது நீக்கிய எவருக்கும் பழைய அளவு நிரலில் தங்கக் கூடாது என்பதற்காக, அறுவைக்கு முன்பே பம்பைக் குறைந்தபட்ச வேகத்தில் வைத்துவிடுகிறோம். புதிய அளவை இருவர் தனித்தனியே கணக்கிட்டு ஒத்துப்பார்த்த பிறகே ஏற்றுகிறோம்.

தீராத விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. பம்பின் மின்கலத்தை மட்டும் தனியே மாற்ற முடியாது. சில ஆண்டுகளில் அது தீரும்போது பம்பையே மாற்ற வேண்டும். அப்போது, நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் முதுகுப் பகுதிக் குழாயையும் முன்னெச்சரிக்கையாக மாற்றிவிடலாமா, அல்லது ஒழுங்காக இருப்பதைத் தொடாமல் விடலாமா என்பதில் எங்கள் குழுவில் இரண்டு கருத்து உள்ளது. அவரிடம் கேட்டதற்கு, அதற்குள் மனைவியின் குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.